காலி அறையில் வைத்த எண்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் பதினெட்டு ஆண்டுகளும் மஸ்கட்டில் பதினொரு ஆண்டுகளும் சூளை வேலை பார்த்தபின், போர்ச்சுகல் நாட்டில் அவெய்ரோ நகருக்கு அருகே உள்ள தட்டு, கோப்பைத் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தேன். சென்ற வாரத்துடன் இங்கு ஒன்பது ஆண்டுகள் நிறைவடைந்தன. இந்த நாளில், ஊரில் தாங்கள் நடத்தும் தொழிற்பேட்டை இதழுக்கு ஏதேனும் எழுதி அனுப்புவது என் வழக்கம். முன்பு இங்குள்ள உப்பளங்களைப் பற்றியும், ஓயாத காற்றைப் பற்றியும், உலர்த்திய மீனை இவர்கள் எல்லா விருந்துக்கும் சமைப்பதைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். இவ்வாண்டு ஒரு பிழையைப் பற்றி எழுதுகிறேன். பிழை என்னுடையது. ஆனால் இங்குள்ள கோப்புகளில் அது வேறொருவர் பெயரில் பதிவாகியிருக்கிறது.

இதில் வரும் ஸ்டெல்லா, ஃபாத்திமா ஆகிய இரண்டும் அவர்களுடைய உண்மைப் பெயர்கள் அல்ல. அதன் காரணம் போகப்போக விளங்கும்.

1

நான் பத்தாம் வகுப்புக்கு மேல் படித்தவன் அல்லன். கணினி நிரல் எழுதக் கற்றது மஸ்கட்டில், நாற்பத்தைந்து வயதுக்கு மேல். ஜாவா என்னும் நிரல்மொழியைப் பற்றிய ஒரு பழைய புத்தகமும், என் மகன் பிரபு கழித்துப்போட்ட ஒரு கணினியும் எனக்கு ஆசிரியர்களாக இருந்தன. வெள்ளிக்கிழமை விடுமுறைகளில் ஒவ்வோர் அதிகாரமாகப் படித்தேன். புரியாத இடங்களைப் பென்சிலால் கோடிட்டு, மறுவாரம் மீண்டும் படிப்பேன்.

அப்புத்தகத்தின் நடுப்பகுதியில் ஜெனரிக் எனப்படும் பொதுவகைகளைப் பற்றி ஓர் அதிகாரம் இருந்தது. அதன் சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். நிரலுக்குள் மதிப்புகளைச் சேமிக்க ஒரு பெட்டி செய்கிறோம். செய்யும்போதே இதற்குள் இன்ன வகைப் பொருள்தான் வைக்கப்படும் என்று அறிவித்துவிட்டால், வேறு வகைப் பொருளை வைக்க முனையும்போது, நிரல் ஓடத் தொடங்கும் முன்பே, அதைச் சரிபார்த்துக் கணினிக்கு மொழிமாற்றித் தரும் கம்பைலர் மறுத்துவிடும். அறிவிக்காத பெட்டி எதையும் வாங்கிக்கொள்ளும். உள்ளே இருப்பது என்ன என்பது வெளியே எடுக்கும்போதுதான் தெரியவரும்.

அந்த அதிகாரத்தை இருமுறை படித்தேன். புரிந்துவிட்டது என்றும், என் போன்றவனுக்கு அது தேவைப்படாது என்றும் முடிவு செய்து அடுத்ததற்குச் சென்றேன்.

இங்கு வந்த மூன்றாம் ஆண்டில், சூளைப் பதிவேடு கிழிந்துபோனதைப் பார்த்து, அதற்கு மாற்றாக ஒரு நிரல் எழுதிக் கொடுத்தேன். சூளைக்குள் செல்லும் ஒவ்வொரு வண்டிச் சுமைக்கும் ஓர் எண் உண்டு. சனவரி முதல் நாள் ஒன்றில் தொடங்கி ஆண்டு முழுவதும் அது ஏறிக்கொண்டே போகும். சுமையை அடுக்கிய தொழிலாளி கையொப்பமிட வேண்டும். ஒவ்வொருவர் பெயருக்கு எதிரேயும் ஓர் அறை வைத்து, அவர் கடைசியாகக் கையொப்பமிட்ட சுமையின் எண்ணை அதில் சேமித்தேன். மேலாளர் மகிழ்ந்தார். மாதச் சம்பளத் தொழிலாளியாக வந்த எனக்கு, சூளைப் பதிவின் பொறுப்பாளர் என்று ஒரு தகுதியும் சேர்ந்தது.

2

இவ்விடத்தில் நம் ஊரின் பொதுச் சூளையைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டியிருக்கிறது. நேரில் கண்டவர்கள் பொறுத்தருள்க.

தொழிற்பேட்டையில் சிறு பட்டறைக்காரர்கள் பலருக்குச் சொந்தச் சூளை கிடையாது. பொதுச் சூளையில் இடம் பிடித்து, பொம்மைகள், மின்வாரியத்துக்கான பீங்கான் ஃப்யூஸ் கேரியர்கள் முதலிய தம் பொருள்களைச் சாகர் எனப்படும் தீக்களிமண் பெட்டிகளில் அடுக்கி அனுப்புவார்கள். ஒவ்வொரு பெட்டியின் மேலும் பட்டறையின் குறி இருக்கும். ஆயினும் ஒரு பெட்டிக்குள் ஒரே பட்டறையின் பொருள்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. சந்தில் இடம் இருந்தால் யாருடைய பொருளையாவது வைத்து நிரப்புவதே எங்கள் வழக்கம். நெருப்பு எப்படியும் எரியத்தான் போகிறது. அதில் ஒரு விரற்கடை இடம் வெறுமையாக வெந்து வெளியே வருவதை எங்களால் பொறுக்க இயலாது.

அடுக்குவதற்கு மேஸ்திரியாக இருந்தவர் கலியபெருமாள். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து சைக்கிளில் வருவார். அவர் குரல் பேட்டை வாயில் வரை கேட்கும்.

“யாருப்பா அங்க? இந்தப் பொட்டியில எடம் சும்மா கெடக்குது. யாரு வூட்டு பொம்ம நிக்குது, கொண்டாங்க.”

“அண்ணே, அது ஃப்யூஸ் கேரியர் பொட்டிங்க.”

“இருக்கட்டுமே. நெருப்புக்குத் தெரியுமா எது கேரியரு, எது புள்ளையாருன்னு?”

நான்கு நாள் கழித்துப் பெட்டியைத் திறக்கும்போதும் அவரே நிற்பார்.

“புள்ளையாரு யாருதுப்பா? சீக்கிரம் வந்து தூக்கிக்கங்க. இல்லன்னா கேரியரோட சேந்து கரண்டு ஆபீசுக்குப் போயிடப்போறாரு.”

பதினெட்டு ஆண்டுகளில் ஒரு பிள்ளையாரும் மின்வாரியத்துக்குச் சென்றதில்லை. வைத்த கையே எடுத்தது என்பதுதான் அதற்குக் காரணம். அக்காலத்தில் இதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. இடத்தை வீணாக்காமை என்னும் ஒரு பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஊரைவிட்டு வந்தேன்.

3

நிரல் ஓடத் தொடங்கி ஓராண்டு கழிந்தபின் அலுவலகத்திலிருந்து ஒரு வேண்டுகோள் வந்தது. பாத்திரங்களுக்குக் கிளேஸ் என்னும் பளபளப்புப் பூச்சு பூசும் பிரிவில் வெளிநாட்டவர் பலர். ஆண்டில் எத்தனை நாள் நாட்டைவிட்டு வெளியே சென்றிருந்தார்கள் என்று தொழிற்சாலை எழுதிக்கொடுக்கும் கடிதத்தைக் குடியேற்ற அலுவலகத்தில் அவர்கள் காட்ட வேண்டியிருக்கிறது. அந்த நாள்களின் எண்ணிக்கையையும் நிரலில் வைக்க முடியுமா என்று கேட்டார்கள்.

முடியும் என்றேன். கிளேஸ் பிரிவினர் சூளைச் சுமையில் கையொப்பமிடுவதில்லை. ஆகவே அவர்கள் பெயருக்கு எதிரே சுமை எண்ணுக்கான அறை காலியாகவே இருந்தது. புதிய அறை கட்டுவானேன் என்று, விடுப்பு நாள்களை அந்தக் காலி அறையில் வைத்தேன். அறையை எவ்வகை என்றும் அறிவிக்காமல், எப்பொருளும் வைக்கலாம் என்னும் பொருளில் ஆப்ஜெக்ட் என்றே விட்டிருந்தேன். அது வாங்கிக்கொண்டது.

அன்றைக்கு அது எனக்குப் பெருமையாகவே இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

4

ஸ்டெல்லா சேத்தியாத்தோப்புப் பக்கத்தவர். முப்பத்தெட்டு வயது. கணவர் இல்லை. கிளேஸ் பிரிவில் ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக வேலை செய்கிறார். ஒரே மகள் ஊரில் சித்தி வீட்டில் தங்கிப் படித்துவந்தாள். சென்ற ஆண்டுத் தொடக்கத்தில் தாயார் உடல்நலம் குன்றியதால் ஊருக்குச் சென்ற ஸ்டெல்லா, நாற்பத்தொரு நாள் கழித்துத் திரும்பினார். அக்டோபர் மாதத்தில் நிரந்தரக் குடியிருப்பு அட்டைக்கு மனு செய்தார்.

இந்த அட்டையைப் பொறுத்தே மகளை அழைத்துக்கொள்வதும் இருந்தது. மாசி மாதத்தில் மகளுக்குப் பதினெட்டு வயது நிறைவடையும். அதற்குள் அட்டை வந்து மகளுக்கான மனுவையும் கொடுத்துவிட்டால் எளிதாகும், வயது கடந்தால் பெரிதும் கடினம் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார். ஸ்டெல்லா அந்த நாளை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தது தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரியும்.

மனு கொடுத்த இரண்டாம் வாரம், குடியேற்ற அலுவலகத்திலிருந்து வந்த தாளைக் கையில் பிடித்தபடி, மதியச் சாப்பாட்டு வேளையில் அவர் என்னிடம் வந்தார்.

“அண்ணே, இத கொஞ்சம் படிங்க. நான் படிச்சது தப்பா சரியான்னு சொல்லுங்க.”

அவ்வாண்டில் நானூற்றுப் பன்னிரண்டு நாள்கள் நாட்டில் இல்லாததாகத் தொழிற்சாலைக் கடிதம் கூறுவதால், பத்து வேலை நாள்களுக்குள் விளக்கம் தர வேண்டும் என்று அத்தாளில் கண்டிருந்தது.

“நானூத்திப் பன்னண்டா? ஒரு வருசத்துக்கே முந்நூத்தி அறுபத்தஞ்சு நாளுதானம்மா.”

“அதத்தாண்ணே நானும் கேக்குறேன். கவுண்டர்ல இருந்த அந்தாளு சிரிச்சாரு. எனக்குச் சிரிப்பு வரல. பாப்பா போன் பண்ணுனா என்ன சொல்லுவேன்?”

“சாப்பிட்டியா?”

“வுடுங்கண்ணே. இத மொதல்ல பாருங்க.”

5

அலுவலகத்தில் கடிதங்களை எழுதுபவர் இந்நாட்டவரான ஃபாத்திமா அம்மையார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதே மேசை. நிரலின் திரையில் தெரியும் எண்ணைப் பார்த்து, கடிதத் தாளில் தட்டச்சு செய்து, தாமே கையொப்பமிட்டு முத்திரை இடுவார். தொழிற்சாலையின் பெயரால் கையொப்பமிடும் உரிமை மேலாளருக்கு அடுத்து அவருக்கு மட்டுமே இருந்தது. தண்டபாணி என்னும் என் பெயரை இங்கு முழுமையாகச் சொல்ல முயன்று வென்றவரும் அவர் ஒருவரே.

மேலாளர் எங்கள் இருவரையும் அழைத்தார். கணினியில் ஸ்டெல்லாவின் பெயரைத் திறந்தேன். நாற்பத்தொன்று என்று இருந்தது. கிளேஸ் பிரிவில் மற்ற ஒன்பது பேரின் பெயர்களையும் திறந்து, அலுவலகத்தின் விடுப்புத் தாள் பதிவேட்டோடு ஒப்பிட்டேன். யாவும் சரியாக இருந்தன. நிரல் எந்தப் பிழைச்செய்தியும் காட்டவில்லை.

நான் மேலாளரிடம் சொன்னேன்: “நிரலில் பிழை இல்லை. திரையில் நாற்பத்தொன்று இருக்கிறது. கடிதத்தில் நாற்பத்தொன்றை அடித்தபின் விரல் தவறி ஓர் இரண்டும் விழுந்திருக்க வேண்டும்.”

போர்ச்சுகீசிய மொழியை நான் இங்குள்ள சூளைத் தொழிலாளர்களிடம் கற்றவன். ஆதலால் மேலாளரிடமும் நீ, உனக்கு என்றே பேசுகிறேன். ஒன்பது ஆண்டுகளில் அவர் அதைத் திருத்தியதில்லை. அன்று நான் பேசிய உறுதியில் அந்த ஒருமை இன்னும் உரத்து ஒலித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஃபாத்திமா அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் அப்படி அடித்ததாக நினைவில்லை,” என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “அடிக்கவில்லை என்றும் நினைவில்லை. அந்த வாரம் பதினான்கு கடிதங்கள்,” என்றார்.

அன்று மாலையே விளக்கக் கடிதம் தயாராயிற்று. தட்டச்சு செய்தவரின் கவனக்குறைவால் நேர்ந்த பிழை என்று எழுதி அவரே கையொப்பமிட்டார். ஸ்டெல்லாவுக்கு நாள் குறைவாக இருக்கிறது, இதைப் பற்றி விவாதிக்க வேண்டாம் என்றார். பிழையான கடிதம் வெளியே சென்றதால், மேலாளர் விதிப்படி அவரது பணிக்கோப்பில் ஒரு குறிப்பு சேர்த்தார். கையொப்பமிடும் உரிமையும் அவரிடமிருந்து விலக்கப்பட்டது.

வீட்டில் நடந்ததைச் சொன்னபோது என் மனைவி கோமதி கேட்ட கேள்வியையும் இங்கே பதிவு செய்கிறேன்.

“அந்தம்மா தப்புன்னு எப்பிடி அவ்ளோ கரெட்டா சொன்னீங்க?”

“நிரல்ல சரியா இருக்குது.”

“நீங்க எழுதுனதுல தப்பே வராதா? போன வாரம் பால் வாங்கப் போயி தயிர தூக்கிட்டு வந்தீங்களே.”



6

மாத முடிவில் சூளைப் பிரிவின் பட்டியலை அச்சிடுவது வழக்கம். ஒவ்வொருவரும் கடைசியாகக் கையொப்பமிட்ட சுமையின் எண் அதில் இருக்கும். அக்டோபர் மாதப் பட்டியலில் ஸ்டெல்லாவின் பெயரும் இருந்தது. இது வியப்பல்ல. ஜூலையில் ஒரு நாள், ஆள் குறைவாக இருந்ததால் அவரைச் சூளை அடுக்க அனுப்பினோம். அப்போது சேர்த்த பெயரை யாரும் நீக்கவில்லை. அவர் பெயருக்கு எதிரே அச்சாகியிருந்த எண்தான் என்னை நிறுத்தியது.

கடைசிச் சுமை: நாற்பத்தொன்று.

நாற்பத்தொன்றாம் சுமை சூளைக்குள் சென்றது சனவரி மாதக் கடைசியில். அந்த வாரம் ஸ்டெல்லா சேத்தியாத்தோப்பில் தாயாரின் கட்டிலருகே இருந்தார்.

நிரல் வந்தபின்னும் வழக்கத்தால் எழுதிவரும், சூளை வாயிலில் தொங்கும் நோட்டை எடுத்து ஜூலை மாதத்தைப் புரட்டினேன். ஸ்டெல்லா கையொப்பமிட்டிருந்த ஒரே சுமையின் எண் என் கையெழுத்தில் இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு.

 நடந்தது இதுதான். ஜூலையில் அவர் சுமையில் கையொப்பமிட்டபோது, நிரல் தன் கடமைப்படி நானூற்றுப் பன்னிரண்டைச் சுமை அறையில் வைத்தது. அந்த அறையில் அதுவரை இருந்தது அவருடைய விடுப்பாகிய நாற்பத்தொன்று. புதியது வந்ததும் பழையது போயிற்று. அக்டோபரில் ஃபாத்திமா அம்மையார் திரையில் கண்டது நானூற்றுப் பன்னிரண்டு. கண்டதைக் கண்டபடியே தட்டச்சு செய்திருக்கிறார். அவர் விரல் எங்கும் தவறவில்லை.

அப்படியானால் நான் சோதித்தபோது நாற்பத்தொன்று எப்படி வந்தது? அவரிடமே போய்க் கேட்டேன். ஸ்டெல்லா தாளோடு அழுதுகொண்டு வந்தவுடன், தாள் பதிவேட்டைப் பார்த்துச் சரியான எண்ணைத் திரையில் அதுவரை இருந்தது என்ன என்று பாராமலே அதன்மேல் தாமே ஒருமுறை இட்டுவைத்ததாகச் சொன்னார். எதற்குக் கேட்கிறாய் என்றார். பிறகு சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அன்று மாலை போர்ட்டோவில் இருக்கும் என் மகன் பிரபுவுக்குப் போன் செய்தேன். அவன் கணினித் தொழிலில் பட்டம் பெற்றவன். அவன் குழந்தைகள் என்னோடு போர்ச்சுகீசிய மொழியில்தான் பேசுவார்கள். நான் பதில் சொல்லும் முன் விளையாடப் போய்விடுவார்கள். நிரலை அனுப்பிவைத்தேன். கால் மணி நேரத்தில் அவனே அழைத்தான்.

“என்னாப்பா இது? டைப்பே குடுக்காம வச்சிருக்கீங்க. ஆப்ஜெக்ட்டுனு போட்டா யானைய வச்சாலும் வாங்கிக்கும்.”

“நான் நம்பரைத் தவிர வேற எதையும் வைக்கலியேடா.”

“அதாம்பா சிக்கலே. வெறும் நம்பருன்னு டைப்பு குடுத்திருந்தாகூட இத புடிச்சிருக்காது. ரெண்டுமே நம்பரு. விடுப்புக்குன்னு ஒரு டைப்பு, சுமைக்குன்னு ஒரு டைப்பு, நீங்களே செஞ்சிருக்கணும். அப்புறம் பெட்டிய ஜெனரிக்கா செஞ்சு, இது விடுப்புப் பெட்டி, இது சுமைப் பெட்டின்னு சொல்லிட்டா, மாத்தி வைக்கவே வுடாது.”

“புத்தகத்துல படிச்சேன்.”

“படிச்சிட்டா? ஆறு வருசமா ஓடுது இது. யாருமே பாக்கலியா?”

“அப்பவே உனக்கு அனுப்புனேன். பாக்குறேன்னு சொன்ன.”

 மறுமுனையில் ஒரு குழந்தை எதற்கோ கூப்பிட்டது.

“வேலையா இருந்திருப்பேம்பா,” என்றான். பிறகு, “இப்ப பாத்துட்டேன்,” என்றான்.

அவன் சொன்னபடியே திருத்தினேன். விடுப்பு ஒரு வகை, சுமை ஒரு வகை. இரண்டுக்கும் உள்ளே இருப்பது எண்தான் என்றாலும் வெளியே அவற்றின் பெயர் வேறு. வகை அறிவித்த பெட்டிகளில் அவற்றை இட்டேன். கம்பைலரை ஓட்டியபோது பதினோரு இடங்களில் மறுத்தது. பதினொன்றும் இடம் சும்மா கிடக்கிறதே என்று நான் எதையோ வைத்து நிரப்பிய இடங்கள். ஒவ்வொன்றையும் சரிசெய்ய மூன்று நாள்கள் ஆயின.

7

நான்காம் நாள் மேலாளரிடம் சென்று எல்லாவற்றையும் சொன்னேன். பிழை என்னுடையது, ஃபாத்திமா அம்மையார் தவறவில்லை, இதை எழுதிக் கையொப்பமிட்டுத் தருகிறேன் என்றேன்.

அவர் கதவைச் சாத்தினார். அவர் கூறியதன் சுருக்கம் இது: “விளக்கக் கடிதத்தைக் குடியேற்ற அலுவலகம் ஏற்றுக்கொண்டுவிட்டது. கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது. இப்போது முதல் விளக்கம் தவறு, உண்மைக் காரணம் வேறு என்று நான் இரண்டாவது கடிதம் அனுப்பினால், இந்தத் தொழிற்சாலையின் எந்தக் கடிதத்தை நம்புவது என்று கேட்பார்கள். கேட்பது நியாயம். கோப்பு முதலிலிருந்து தொடங்கும். பெண்ணின் பிறந்தநாள் எப்போது?”

“மார்ச் முதல் வாரம்.”

“அனுப்பவா?”

“அம்மையாரின் பணிக்கோப்பிலாவது மாற்றி எழுதலாமே.”

“வெளியே சொன்னதும் உள்ளே எழுதியதும் ஒன்றாக இருக்க வேண்டும். யாராவது வந்து கேட்டால் நான் இரண்டு தாள்களைக் காட்ட முடியாது.”

நாள் எண்ணிக்கை நாற்பத்தொன்று என்பது உண்மை. அதில் யாரையும் ஏமாற்றவில்லை. பிழை யாரால் வந்தது என்பது மட்டுமே தவறாக இருந்தது. அந்தத் தவறைத் திருத்தினால் ஒரு தாயும் மகளும் பிரிந்திருக்க நேரலாம். திருத்தாவிட்டால் ஓர் அம்மையார் செய்யாத பிழையைச் சுமக்க வேண்டும். நான் எழுதி எடுத்துச் சென்ற தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஸ்டெல்லாவிடம் மறைக்க மனம் ஒப்பவில்லை. சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார்.

“அப்ப அந்தம்மா மேல தப்பே இல்லியா?”

“இல்லம்மா. எல்லாம் நான் பண்ணதுதான்.”

“என்னாண்ணே நீங்க. அந்தம்மா அன்னிக்கு எனக்குத் தண்ணி குடுத்து உக்கார வச்சாங்க. நான் அவங்களத்தான் மனசுக்குள்ள திட்டிக்கிட்டு இருந்தேன். இருங்க, நானே ஆபீசுக்குப் போயி சொல்லிட்டு வரேன்.”

அட்டையின் கோப்பு என்னவாகும் என்பதை விளக்கினேன். அவர் எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். 

“மாசி இருவதுண்ணே,” என்றார். “பாப்பாவுக்கு.”   மணி அடித்ததும் கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே சென்றார்.

8

ஃபாத்திமா அம்மையாரிடம் சொல்வதற்கு எனக்கு இரண்டு நாள்கள் பிடித்தன. அவர் பழைய கோப்புகளுக்கு அட்டை ஒட்டிக்கொண்டிருந்தார். கையொப்ப உரிமை போனபின் அந்த வேலையைத்தான் அவருக்குக் கொடுத்திருந்தார்கள். முத்திரை வேறொரு மேசைக்குச் சென்றிருந்தது.

நோட்டையும் பட்டியலையும் அவர் முன் விரித்து, தவறை விளக்கி, மன்னிப்புக் கேட்டேன். இம்மொழியில் மன்னிப்புக் கேட்பதற்கு மரியாதையான வடிவம் உண்டு. அதை முந்தைய நாளே மனப்பாடம் செய்திருந்தேன். அன்று அவரை ஒருமையில் விளிக்கவில்லை.

அவர் இரு எண்களையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

“அப்படியானால் நான் பார்த்ததைத்தான் அடித்தேன்.”

“ஆம்.”

“மூன்று வாரமாக ஒவ்வொரு தாளையும் மூன்று முறை படிக்கிறேன், தண்டபாணி. கண் மருத்துவரிடம்கூடச் சென்றேன். கண் நன்றாக இருக்கிறது என்றார். எனக்கு அவர்மீது கோபம் வந்தது.” சிறிது சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “மேலாளருக்குத் தெரியுமா?”

தெரியும் என்றும், அவர் கூறியது என்ன என்றும் சொன்னேன். அவர் அட்டை ஒட்டுவதைத் தொடர்ந்தார். நான்கைந்து கோப்புகள் முடிந்தபின் பேசினார்.

“அவர் சொல்வது சரி. அந்தப் பெண் முதலில் வரட்டும்.”

9

டிசம்பரில் ஸ்டெல்லாவுக்கு அட்டை கிடைத்தது. சனவரியில் மகளுக்கான மனு கொடுக்கப்பட்டது. சென்ற மாதம் மகள் வந்து சேர்ந்தாள். விமான நிலையத்திலிருந்து நேரே தொழிற்சாலை வாயிலுக்கு அழைத்து வந்தார்கள். ஸ்டெல்லா அவளை ஃபாத்திமா அம்மையாரின் மேசைக்குத்தான் முதலில் கூட்டிச் சென்றார்.

“இவங்க யாரும்மா?” என்று பெண் கேட்டாள்.

“கும்புட்டுக்கோ. அப்புறம் சொல்றேன்,” என்றார் ஸ்டெல்லா.

மறுநாள் நான் மீண்டும் மேலாளரிடம் சென்றேன். இனியாவது திருத்தலாமா என்று கேட்டேன். மகளின் தற்காலிக அட்டை தாயின் கோப்பைச் சார்ந்தே இருக்கிறது, அதைப் புதுப்பிக்க இன்னும் இரண்டு ஆண்டுகள் உள்ளன, அதுவரை அந்தக் கோப்பைத் தொட வேண்டாம் என்றார். அதற்கு முன்பே ஃபாத்திமா அம்மையார் ஓய்வு பெற்றுவிடுவார். முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பணியின் இறுதித் தாளில், கவனக்குறைவு என்னும் ஒரு சொல்லோடு அவர் வீட்டுக்குப் போவார். என் நிரலோ பிழையின்றி ஓடிக்கொண்டிருக்கிறது. திருத்தியபோது, தொழிற்சாலைக் கணினியிலிருந்த பழைய வடிவத்தை நான் அழித்துவிட்டேன். அதில் தேடினாலும் இப்போது எதுவும் அகப்படாது.

இதை அவரிடம் சொல்லி, நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். அவர் யோசிக்கவில்லை. முன்பே யோசித்து வைத்திருந்தார் போலும்.

“எங்காவது எழுதி வை. இங்கே வேண்டாம். உன் மொழியில் எழுது. இந்தக் கட்டடத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் நீயும் ஸ்டெல்லாவும் மட்டும்தான்.”

“எழுதினால் யாருக்குப் பயன்?”

“எனக்கு,” என்றார். “ஓரிடத்திலாவது சரியாக இருக்கட்டும்.”

ஆதலால் எழுதினேன். ஐயா, அம்மையீர், அக்டோபர் மாதக் கடிதத்தில் நானூற்றுப் பன்னிரண்டு என்ற எண் வந்ததற்குக் காரணம் விருத்தாசலம் தண்டபாணியாகிய நான். அதைத் தட்டச்சு செய்தவர் திரையில் கண்டதைக் கண்டபடி எழுதினார். இக்குறிப்பைத் தயைகூர்ந்து தங்களிடம் பத்திரமாக வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.